ராணுவம் கழித்த லாரி: அன்றாடச் சாலைக்கு எந்த அளவு?

அமெரிக்க ராணுவம் தன் லாரிகளை டன் கணக்கில் வகைப்படுத்துவது வழக்கம்: முக்கால் டன், ஒன்றேகால் டன், இரண்டரை டன், ஐந்து டன். இது வண்டியின் எடை அல்ல. சாலையே இல்லாத நிலத்தில் அந்த வண்டி எவ்வளவு சரக்கைச் சுமக்கும் என்பதற்கான கணக்கு. அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. இரண்டரை டன் லாரி என்றால் சுமார் 2,270 கிலோ சரக்கு. அதே லாரி ஒன்றும் ஏற்றாமல் நிற்கும்போதே ஆறு டன் எடை இருக்கும். ஐந்து டன் லாரியின் வெற்று எடை பத்து டன்னை எட்டும். படைக்குத் தேவையில்லை என்று கழிக்கப்படும் இந்த வண்டிகளை அமெரிக்காவில் பொதுமக்கள் ஏலத்தில் எடுக்கிறார்கள். பண்ணை வேலைக்கும் விறகு ஏற்றவும் வாங்குபவர்கள் உண்டு. ஆசைக்காக வாங்குபவர்கள் அவர்களைவிட அதிகம் இருக்கக்கூடும். அவர்களில் சிலர் அதையே தினமும் வேலைக்கும் கடைக்கும் ஓட்ட நினைக்கும்போதுதான் எந்த அளவு என்ற கேள்வி எழுகிறது.

அளவை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஓட்டுவதற்குச் சுலபமா கடினமா என்பதை டன் கணக்கைவிட, வண்டி எந்தப் பத்தாண்டில் வடிவமைக்கப்பட்டது என்பதே தீர்மானிக்கிறது. 1950களின் வடிவமைப்பில் வந்த சிறிய லாரி, 1990களில் வந்த பெரிய லாரியைவிட ஓட்டுநரை அதிகம் களைப்பாக்கும். எங்கே நிறுத்துவது, எந்த உரிமம் வேண்டும், எவ்வளவு டீசல் குடிக்கும் என்ற கேள்விகளுக்கு வந்தால் அளவுதான் பேசும். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் போட்டால்தான் விடை கிடைக்கும்.

சிறிய வண்டிகளில் பழமையானது டாட்ஜ் எம்37. கொரியப் போர்க் காலத்தில் தொடங்கி 1968 வரை தயாரான முக்கால் டன் வண்டி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், எண்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். அகலம் 1.9 மீட்டருக்குள் அடங்குவதால் எந்தத் தெருவிலும் நுழையும், எந்தக் கடைவாசலிலும் நிற்கும். வேகம்தான் இதன் குறை. மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினாலே எஞ்சின் கத்தத் தொடங்கும். கிராமத்துச் சாலையில் பத்து கிலோமீட்டர் போய்வர இது போதும். மணிக்கு 110 கிலோமீட்டரில் வண்டிகள் பாயும் நெடுஞ்சாலையில் இதை இறக்குவது தனக்கும் பிறருக்கும் ஆபத்து.

அன்றாடப் பயன்பாட்டுக்கு உண்மையிலேயே பொருந்துவது, ரசிகர்கள் அதிகம் பாராட்டாத ஒரு வண்டிதான். 1980களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ், கடைகளில் விற்றுக்கொண்டிருந்த தன் ஷெவர்லே பிக்கப்பையே சிறு மாற்றங்களுடன் பச்சை வண்ணம் பூசி ராணுவத்துக்குக் கொடுத்தது. சி.யூ.சி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் குடும்பத்தில் எம்1008 ஒன்றேகால் டன் பிக்கப். எம்1009 என்பது பிளேசர் என்ற மூடிய வண்டியின் ராணுவப் பதிப்பு. இரண்டிலும் 6.2 லிட்டர் டீசல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், பவர் ஸ்டீயரிங். முக்கியமாக, உதிரிபாகம் எந்த ஊர் கடையிலும் கிடைக்கும். பார்ப்பவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதுதான் இதன் பெரிய குறை. வாங்குபவருக்கு உள்ளூர அது குறையாகத் தோன்றுவதால்தான் பலர் இதைத் தாண்டிப் பெரிய வண்டிக்குப் போகிறார்கள்.

இந்த இரண்டுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. பிக்கப்பின் ஆக்சில் விகிதம் 4.56, பிளேசரில் 3.08. சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் பக்கத் தண்டு எத்தனை முறை சுற்றவேண்டும் என்பதே இந்த எண். ஆகவே பிக்கப் பாரம் இழுப்பதில் கெட்டி. ஆனால் மணிக்கு 90 கிலோமீட்டரில் அதன் எஞ்சின் மூச்சுமுட்டி ஓடும். அதே வேகத்தில் பிளேசர் நிதானமாகப் போகும், டீசலும் குறைவாகக் குடிக்கும். நாள்தோறும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவருக்குப் பிளேசரும், வாரம் இருமுறை மரமோ மண்ணோ ஏற்றுகிறவருக்குப் பிக்கப்பும் ஏற்றவை. இரண்டிலும் மின்சார ஏற்பாடு சற்று விசித்திரமானது: விளக்குகளும் மற்றவையும் 12 வோல்ட், ஸ்டார்ட்டர் மட்டும் 24 வோல்ட். இதற்காக இரண்டு பேட்டரி, இரண்டு ஆல்டர்நேட்டர். வாங்கியவர்கள் பலர் முதல் வேலையாக இதை முழுவதும் 12 வோல்ட்டாக மாற்றிவிடுகிறார்கள்.

அடுத்தது ஹம்வீ. 1983இல் ஒப்பந்தம் பெற்ற ஏ.எம். ஜெனரல் நிறுவனம் இந்தியானா மாநிலத்தின் மிஷவாக்கா நகரில் இதைத் தயாரித்தது. நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் கேட்டதை ஒட்டி 1992இல் ஹம்மர் என்ற பொதுமக்கள் வண்டியும் வந்தது. இங்கே பேசுவது அதன் ராணுவ மூலத்தைப் பற்றி. ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் தனிப் பல்சக்கரப் பெட்டி இருப்பதால் வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. வண்டி மொத்தமாக 1.83 மீட்டர் உயரம்தான். அகலம் ஏறக்குறைய 2.18 மீட்டர். எஞ்சினிலிருந்து வரும் தண்டுகள் வண்டியின் நடுவே உயரமான மேடைபோல் ஓடுவதால், இவ்வளவு அகலத்திலும் நான்கு பேர் நான்கு மூலைகளில் ஒடுங்கித்தான் உட்காரவேண்டும். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசக் கத்தவேண்டும். அடிப்படை வகையில் கூரை கான்வாஸ், கதவும் கான்வாஸ், பூட்டு கிடையாது. கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் உள்ளே வைத்த பையைக் காணோம் என்றால் வியப்பதற்கில்லை. ஓட்டுவதற்கு எளிது, காரோடு பழகியவர் ஒரே நாளில் பழகிவிடலாம். இதன் உண்மையான சிக்கல் ஆவணங்களில் இருக்கிறது. அது பின்னால் வரும்.

இரண்டரை டன் வகைதான் ஆசையின் மையம். 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்று படைவீரர்கள் செல்லமாகச் சொல்லும் இந்த அளவு, இரண்டாம் உலகப் போரில் ஜி.எம்.சி. லாரிகளால் புகழ்பெற்றது; 1944இல் பிரான்சில் முன்னேறிய படைகளுக்கு இரவும் பகலும் சரக்கு ஓட்டிய ரெட் பால் எக்ஸ்பிரஸ் அந்த லாரிகளின் சாதனை. போருக்குப் பின் ரியோ நிறுவனத்தின் வடிவமைப்பில் 1950 வாக்கில் வந்த எம்35 குடும்பம் அந்த இடத்தைப் பிடித்துப் பல பத்தாண்டுகள் பணியில் இருந்தது. இன்று ஏலத்திலும் கைமாற்றிலும் அதிகம் தென்படுவது எம்35ஏ2. இதன் 7.8 லிட்டர் எஞ்சின் டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாவற்றையும் எரிக்கும். நெருக்கடியில் பெட்ரோலும் ஊற்றலாம். எரிபொருளின் அடர்த்திக்கேற்ப அளவைத் திருத்தும் அமைப்பு பம்பிலேயே இருக்கிறது. பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டிக் கலந்து ஓட்டும் சிக்கனக்காரர்களும் உண்டு. டர்போ எழுப்பும் நீண்ட விசில் ஒலிக்காகவே இந்த லாரியை வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

அன்றாட ஓட்டத்துக்கு வந்தால் இந்த லாரி தன் வயதைக் காட்டிவிடும். குதிரைத்திறன் 130 முதல் 140 வரை, அதாவது சி.யூ.சி.வி. பிக்கப்பில் இருப்பதைப்போலத்தான், இழுக்கவேண்டிய எடையோ அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். உச்சவேகம் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர், மேட்டில் அதுவும் கிடைக்காது. பெரும்பாலான வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் இல்லை. நெருக்கமான இடத்தில் திருப்ப இரண்டு தோளும் வேலை செய்யவேண்டும். ஆறு சக்கரமும் இயங்கும் நீண்ட வண்டியாதலால் திரும்புவதற்கு விசாலமான இடமும் வேண்டும். ஸ்பிரிங்குகள் பாரத்தை எண்ணி வளைக்கப்பட்டவை. காலி வண்டியில் போனால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டில் பதியும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கிடைத்தால் உரிமையாளர் மகிழ்வார்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக்கூடாத ஒன்று பிரேக். எம்35ஏ2வின் பிரேக் காற்றழுத்தத்தின் உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். ஆறு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்கோ ஒரு குழாய் துருப்பிடித்து வெடித்தால் மொத்த பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். கைபிரேக்கைக் கொண்டு ஆறு டன் வண்டியை நிறுத்துவது கடினம். இன்றைய கார்களில் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பது இதே காரணத்துக்காகத்தான். தினமும் ஓட்ட நினைப்பவர் முதல் மாதத்திலேயே ரப்பர் குழாய்களையும் இரும்புக் குழாய்களையும் மாற்றிவிடவேண்டும். முடிந்தால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்துவது நல்லது. இதற்குச் செலவழிக்க மனமில்லாதவர் இந்த லாரியை ஊர்வலத்துக்கும் பண்ணைக்கும் வைத்துக்கொள்ளட்டும்.

நீளம்தான் தொல்லை என்று எண்ணுபவர்கள் பின்னிரண்டு ஆக்சில்களில் ஒன்றைக் கழற்றி, சட்டத்தையும் வெட்டிக் குறுக்கி, நான்கு சக்கர வண்டியாக மாற்றுவதுண்டு. திருப்புவதும் நிறுத்துவதும் எளிதாகும். ஆனால் வெட்டியவர் யார், ஒட்டு எப்படி, பிரேக் சமநிலையைச் சரிசெய்தாரா என்று தெரியாமல் பிறர் குறுக்கிய வண்டியை வாங்குவது சூதாட்டம்.

எம்35 வரிசையில் ஏ3 என்ற மறுபிறவியும் உண்டு. பழைய சட்டத்தில் காட்டர்பில்லர் 3116 எஞ்சின், ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி, பெரிய ஒற்றை டயர்கள் ஆகியவற்றைப் பொருத்தி 1990களில் புதுப்பித்தார்கள். கிளட்ச் மிதிக்கும் உழைப்பு இதில் இல்லை. இரண்டரை டன் பழைய உருவமே வேண்டும், ஆனால் தினமும் ஓட்டவேண்டும் என்பவருக்கு ஏ2வைவிட இது பலமடங்கு மேல்.

ஐந்து டன் வகையில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு முதலில் வியப்புதான் ஏற்படும். 1980களின் எம்939 வரிசையில் ஆட்டோமேட்டிக் கியர், பவர் ஸ்டீயரிங், முழுமையான ஏர் பிரேக் எல்லாம் உண்டு. 14 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் 240 குதிரைத்திறன் தருகிறது. பின்னர் வந்த ஏ2 வகையில் அதே திறனை 8.3 லிட்டர் எஞ்சின் தருகிறது. ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் இரண்டரை டன் எம்35ஏ2வைவிட இது இலகு. அளவு பெருகினால் சிரமமும் பெருகும் என்ற எண்ணம் பொய்க்கும் இடம் இது.

இலகு என்பது பாதுகாப்பு என்றாகாது. காலியாக ஓடும்போது, குறிப்பாக ஈரச் சாலையில், இந்த வரிசை லாரிகளின் சக்கரங்கள் பிரேக் பிடித்தவுடன் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கி உருண்ட விபத்துகள் நடந்தன. அதனால் ராணுவமே வேகக் கட்டுப்பாடு விதித்தது. பிறகு சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பொருத்தும் வேலையும் நடந்தது. ஏலத்தில் எடுக்கும் வண்டியில் அது இருக்கிறதா என்று பார்ப்பது கடமை. ஏர் பிரேக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. இரவில் தொட்டியின் காற்று கசிந்திருந்தால், காலையில் எஞ்சினை ஓட்டிக் காற்று ஏறும்வரை காத்திருக்கவேண்டும். அதுவரை ஸ்பிரிங் பிரேக் வண்டியை நகரவிடாது. விடியற்காலை ஆறு மணிக்குக் குடியிருப்புத் தெருவில் 14 லிட்டர் எஞ்சின் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருப்பதை அக்கம்பக்கத்தார் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்பதும் கணக்கில் வரவேண்டியதுதான். மைலேஜ் லிட்டருக்கு இரண்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர்.

இந்தப் பழைய தலைமுறைகளின் இடத்தில் வந்தது எஃப்.எம்.டி.வி. குடும்பம். ஆஸ்திரியாவின் ஸ்டையர் லாரியை அடிப்படையாகக் கொண்டு, டெக்சஸ் மாநிலத்தின் சீலி நகரில் ஸ்டூவர்ட் அண்ட் ஸ்டீவன்சன் நிறுவனம் 1991இல் பெற்ற ஒப்பந்தப்படி தயாரித்தது. இதில் இரண்டரை டன் வகை எம்1078. நான்கே சக்கரம், எஞ்சினுக்கு மேலேயே ஓட்டுநர் அறை, ஏழு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக், 225 குதிரைத்திறன், அறைக்குள்ளிருந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. இதே டன் கணக்குள்ள எம்35ஏ2வுக்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டு வடிவமைப்பு இடைவெளி. எம்1078 காலியாகவே ஏழரை டன் இருக்கும். ஆனாலும் நீளம் சுமார் 6.4 மீட்டர்தான். முன்பக்க மூக்கு இல்லாததால் வண்டி முடியும் இடம் கண்ணுக்குத் தெரியும். பெரிய வண்டி ஒன்றைத் தினமும் ஓட்டியே தீருவேன் என்பவருக்கு இன்று கிடைப்பவற்றில் இதுவே சிறந்தது. மணிக்கு 94 கிலோமீட்டரோடு வேகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பழுது வந்தால் மின்னணுப் பெட்டிகளைப் படித்தறியத் தெரிந்தவர் வேண்டும். எம்35ஏ2வைப்போல் ஸ்பேனரும் பொறுமையும் மட்டும் போதாது.

வண்டியைத் தேர்ந்த பின் வீட்டு வாசலை அளக்கவேண்டும். இரண்டரை டன்னும் ஐந்து டன்னும் ஏறக்குறைய 2.45 மீட்டர் அகலம், தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் அகலத்தை நெருங்குவது. அமெரிக்க நெடுஞ்சாலைத் தடம் 3.66 மீட்டர், அதில் சிக்கல் இல்லை. கடை வாகன நிறுத்தத்தில் ஒரு காருக்கான கட்டம் பொதுவாக 2.7 மீட்டர் அகலம், 5.5 மீட்டர் நீளம். ஹம்வீயும் சி.யூ.சி.வி.யும் அதற்குள் அடங்கும். 6.7 மீட்டர் நீள எம்35 முன்னும் பின்னும் துருத்தி நிற்கும். எட்டு மீட்டரை நெருங்கும் எம்939க்கு முன்னும் பின்னுமாக இரண்டு கட்டங்கள் வேண்டும். வழக்கமான வீட்டு கராஜ் கதவின் உயரம் 2.1 மீட்டர். கூரையோடு 2.8 மீட்டர் நிற்கும் பெரிய லாரிகள் வெயிலிலும் மழையிலும் வெளியேதான். பல குடியிருப்புச் சங்கங்களின் விதிகள் வீட்டு முன் லாரி நிறுத்தத் தடை போடுவதால், வாங்குமுன் அந்த விதிப்புத்தகத்தைப் புரட்டுவது நல்லது.

உரிமத்தில் கோடு 26,001 பவுண்டில், அதாவது சுமார் 11.8 டன்னில் விழுகிறது. பாரத்தோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை அதை எட்டினால் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. சொந்த உபயோகத்துக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாது. ஆனால் டெக்சஸ் போன்ற மாநிலங்கள் அதே எடைக்கு வணிகமல்லாத தனி உரிமம் கேட்கின்றன. எம்35ஏ2வும் எம்1078உம் இந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடும். பத்து டன் எடையோடு நாலரை டன் பாரமும் சேரும் எம்939 தாண்டிவிடும். கூலிக்கு ஒருமுறை சரக்கு ஏற்றினாலும் கணக்கு மாறும்.

விற்பனையை நடத்துவது பாதுகாப்புத் துறையின் தளவாட முகமை. அதன் கழிவுப்பொருள் பிரிவின் தலைமையகம் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் இருக்கிறது. வாங்குபவருக்கு எஸ்.எஃப். 97 என்ற சான்று கிடைக்கும். அதைக் காட்டித்தான் மாநிலத்தில் வண்டியைப் பதிவுசெய்து உரிமைப் பத்திரம் வாங்கவேண்டும். 2014இன் இறுதியில் ஹம்வீ பொது ஏலத்துக்கு வந்தபோது, சாலைக்கு வெளியே மட்டும் பயன்படுத்தலாம் என்ற குறிப்போடு வந்தது. அந்தக் குறிப்புள்ள சான்றைச் சில மாநிலங்கள் ஏற்றுப் பதிவு எண் தருகின்றன; சில மறுக்கின்றன. வண்டிக்குப் பணம் கட்டியபின் இதைத் தெரிந்துகொள்பவர்கள் அதைத் தோட்டத்தில் நிறுத்திவைக்க வேண்டியதுதான். பழம்பொருள் வண்டிக்கான மலிவான பதிவும் காப்பீடும் பலரை ஈர்க்கும். ஆனால் அவை பெரும்பாலும் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு ஓட்டம் ஆகியவற்றுக்கு மட்டுமே. தினமும் வேலைக்குப் போகிறவர் விபத்தில் சிக்கினால் அந்தக் காப்பீடு கைவிட்டுவிடும்.

அன்றாடத் தொந்தரவுகளில் மின்சாரம் ஒன்று. சி.யூ.சி.வி.யைத் தவிர ஏனையவை பொதுவாக முழு 24 வோல்ட். கைப்பேசி சார்ஜரோ ரேடியோவோ வைக்க மாற்றிப்பெட்டி தேவை. இந்த லாரிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாவியே கிடையாது. போர்க்களத்தில் யார் வேண்டுமானாலும் ஏறி ஓட்டவேண்டும் என்பதால் சுவிட்சைத் திருப்பினால் போதும். நகரத்தில் இது திருடனுக்கு அழைப்பு. ஸ்டீயரிங்கில் சங்கிலி போட்டுப் பூட்டுவது உரிமையாளர்களின் பொதுவான வழி. ஹீட்டர் தனிப் பொருத்தம், குளிர்சாதனம் பழைய வகைகளில் கிடையாது.

டயர்தான் பெரிய செலவு. எம்35ஏ2வில் பத்து டயர், மாற்றுச் சக்கரம் வேறு. பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்க எண் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரித்தது என்று சொல்லும். தேய்வே இல்லாத டயர் இருபது வயதானதாகவும் இருக்கலாம். ரப்பர் இறுகிப்போன அது வேகத்தில் பிளக்கும். பழைய ராணுவக் கட்டை டயர் ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பே தராது. பழைய சக்கரங்களில் டயரைப் பிடித்திருக்கும் பூட்டுவளையம் காற்றடிக்கும்போது தெறித்தால் ஆளைக் கொல்லும். கூண்டு வைத்திருக்கும் கடையில் மட்டுமே அந்த வேலையைச் செய்யவேண்டும். ஒரு சக்கரத்தின் எடையே நூறு கிலோ அளவில் இருப்பதால் சாலையோரம் தனி ஆளாக மாற்ற முடியாது. பராமரிப்புக்கு நம்பத்தகுந்த துணை ராணுவத்தின் தொழில்நுட்பக் கையேடுகள். ஓட்டுநருக்கு ஒன்று, மெக்கானிக்குக்கு ஒன்று என்று படிநிலையாக, ஒவ்வொரு திருகாணிக்கும் படத்தோடு இருக்கும்.

ஏல மைதானத்திலிருந்து வண்டியைக் கொண்டுவருவதிலும் அளவு குறுக்கே வரும். பதிவாகாத வண்டியை ஓட்டிவர இயலாது. வாங்கியவரே குறித்த நாட்களுக்குள் ஏற்றிச் செல்லவேண்டும். சி.யூ.சி.வி.யையும் ஹம்வீயையும் உறுதியான டிரெய்லரில் ஏற்றி ஒரு பெரிய பிக்கப்பால் இழுத்துவிடலாம். இரண்டரை டன்னுக்கு மேல் போனால் தாழ்தள டிரெய்லர் வாடகைக்கு எடுக்கவேண்டும். சில நேரம் அந்த வாடகை வண்டி விலையையே தொட்டுவிடும். வழியில் நின்றுபோனாலும் இதே கதை. கார்களை இழுக்கும் மீட்பு வண்டியால் இவற்றை அசைக்க முடியாது. கனரக மீட்பு வண்டிதான் வரவேண்டும். அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, ஒருமுறை வர என்ன கேட்கும் என்பதை ஏலத்தில் தொகை சொல்வதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளவேண்டும்.